நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நேர்நெறி

மெழுகுவத்திக்காரர் வாழ்ந்த நாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் உங்களிடம் ஒரு கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். இடைக்காலத்து ராஜாக்களை வைத்து ஆடும் வீடியோ கேம் அது. ராஜாவை ஆட்டிவைப்பவர் மேலே எங்கேயோ ஒரு நாற்காலியில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு நாடு என்பது ஒரு வரைபடம், மாவட்டம் என்பது விரல்நகம் அளவுக்கு ஒரு நிறத் துண்டு. அந்த நகத்துக்குள் ஒரு தெருவும், தெருவில் ஒரு வீடும், வீட்டில் அடுப்பும், அடுப்புக்குப் பக்கத்தில் வியர்வையைத் துடைத்தபடி ஒரு மனுஷியும் நிற்பாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன செய்யப்போகிறார், அவர் விளையாட வந்தவர்.

ஊர்க்காரர்களுக்கும் அவரைத் தெரியாது. வானத்தில் அவ்வப்போது ஒரு வெள்ளை அம்புக்குறி மிதந்து போகும், நல்லது கெட்டதெல்லாம் அதற்குப் பிறகு நடக்கும், அவ்வளவுதான் அவர்கள் அறிந்தது. சில நேரம் எல்லாமே நின்றுவிடும். ஊற்றிய தண்ணீர் பாதி வழியில் தொங்கும். தும்மல் மூக்கு நுனியில் காத்துக்கொண்டிருக்கும். மேலே இருப்பவர் டீ போடப் போயிருப்பார். அவர் திரும்பி வந்ததும் தண்ணீர் விழும், தும்மல் வரும். இதற்கெல்லாம் ஜனங்கள் பழகியிருந்தார்கள்.

மெழுகுவத்திக்காரரின் வீடு மாமனார் கட்டியது. வீடு கட்டுகிறவன் மாவட்ட எல்லை எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டா கட்டுவான்? எல்லைக்கோடு சரியாக அந்த வீட்டின் நடு நிலைப்படி மேல் ஓடியது. முன்னால் கடை, அது கிழக்கு மாவட்டம். பின்னால் மெழுகு உருக்கும் கொப்பரையும் படுக்கையும், அது மேற்கு மாவட்டம். அம்புக்குறி வீட்டுக்கு மேலே வரும்போதெல்லாம் நிலைப்படி மினுமினுக்கும். அவர் மனைவி அந்த வெளிச்சத்தை வீணாக்க மாட்டாள். திரி நூலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து சிக்கெடுப்பாள்.

இனி பீடம். அந்த நாட்டில் மதத்தைக் கவனித்துக்கொண்டது பீடம். அதன் தலைமைக் குருவைப் பெரியவர் என்பார்கள். பீடத்துக்கு மதிப்பு என்று ஒரு எண் உண்டு. பெரியவர் ஒழுங்காக நடந்தால் அது ஏறும், ஏடாகூடமாக நடந்தால் இறங்கும். ரொம்ப இறங்கிப்போனால் ஏதாவது ஒரு மாவட்டத்தில் பிழைநெறி முளைக்கும். எந்த மாவட்டம் என்பதைக் கம்ப்யூட்டருக்குள் உருளும் ஒரு பகடை தீர்மானிக்கும். பகடையைப் பற்றிப் பீடம் வாயே திறக்காது. மக்களின் பாவம் என்று மட்டும் சொல்லும்.

அந்த வருஷம் பெரியவர் ஒரு புனிதப் போரை அறிவித்தார். அறிவித்துவிட்டுக் கப்பலில் ஏற மறந்துபோனார். படை மட்டும் போய் அடிவாங்கி அழிந்தது. மதிப்பு சரசரவென்று சரிந்தது. பெரியவர் மாடத்தில் நின்று பேசினார்.

“மதிப்புக் குறைந்ததற்கு நான் காரணமல்ல. என் மேல் மதிப்பைக் குறைத்துக்கொண்டவர்கள்தான் காரணம். நான் கப்பலில் ஏறாததை நீங்கள் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் இன்று எல்லாம் நலமாக இருந்திருக்கும். கவனித்தீர்கள். அதன் பலனை நீங்கள்தான் அனுபவிக்க வேண்டும்.”

ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டார்கள். அன்றைக்கே பகடை உருண்டு மேற்கு மாவட்டத்தில் விழுந்தது.

மெழுகுவத்திக்காரர் கடையில் ஒரு கிழவருக்கு வத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி பின்னால் கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். டங்கென்று ஒரு சத்தம். பின்னறை நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியது. சுவர், கொப்பரை, கரண்டி, அவள் எல்லாமே பச்சை.

“என்னங்க,” என்றாள் உள்ளேயிருந்து. “நான் உங்களுக்கு எப்படித் தெரியறேன்?”

“கொஞ்சம் பச்சையா.”

“மெழுகுப் புகையா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அவள் கிளறினாள்.

புகை அல்ல, மதம். அந்த விளையாட்டில் ராஜாவுக்கும் பிரபுக்களுக்கும்தான் ஆளுக்கொரு மதம் உண்டு. ஜனங்களுக்குத் தனித்தனியாக மதம் வைத்துக் கட்டுப்படியாகாது என்று மாவட்டத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டார்கள். மாவட்டத்தின் நிறம் எதுவோ அதுதான் அதில் நிற்பவரின் நம்பிக்கை. நீலம் என்றால் நேர்நெறி. பிரார்த்தனையின்போது கையில் மெழுகுவத்தியைக் கொளுத்திப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் வானத்துக்கு நம்மைத் தெரியும். பச்சை என்றால் பிழைநெறி. மெழுகுவத்தியைக் கொளுத்தாமல் பிடிக்க வேண்டும், ஏனென்றால் காணிக்கையை உருக்கி அழிப்பது பாவம். வித்தியாசம் இவ்வளவுதான். இதற்குத்தான் ஊர்களைக் கொளுத்தினார்கள்.

மெழுகுவத்திக்காரர் பாடு திண்டாட்டமானது. கடையிலிருந்து பின்னறைக்குப் போனால் பச்சை, திரும்பி வந்தால் நீலம். மறந்துவைத்த கத்திரியை எடுக்கப் போனவர் மதம் மாறிவிட்டு வந்தார். பகல் பிரார்த்தனை மணி அடிக்கும்போது ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இங்கேயும் இருந்தால் கையிலுள்ள வத்தியைக் கொளுத்துவதா, விடுவதா? அவர் ஊதி ஊதி அணைத்துக் கொளுத்திச் சலித்துப்போனார். கொளுத்தாத பக்கத்துக்காரர்கள் ஒரே வத்தியை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டதால் வியாபாரமும் படுத்தது. அவருக்கு அதற்கெல்லாம்கூட வருத்தமில்லை. சாப்பிடும்போது அவளுடைய முகம் ஒரு நிறமாகவும் தன் கை வேறு நிறமாகவும் இருந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

பிழைநெறியைத் திருத்தப் பீடம் ஒரு குருவை அனுப்பியது. அவர் கொப்பரை அறையில் வந்து நின்றார். தலைக்கு மேலே ஒரு வட்டம், அதில் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் நிரம்பும். அது முழுசாக நிரம்பினால் மேற்கு மாவட்டம் பழையபடி நீலமாகிவிடும். வீட்டில் அவருக்கு நிற்பவர் என்று பெயர் வைத்தார்கள்.

“நீங்க எதுவும் போதிக்க மாட்டீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“எதைம்மா?”

“எது சரி, ஏன் சரின்னு.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. என் வேலை நிக்கறது. நின்னா வட்டம் ஏறும்.”

“அப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க. திரி காயப்போடணும்.”

அவர் தள்ளி நின்றார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. கொடுத்ததைச் சாப்பிட்டார், தூங்கினாலும் நின்றபடியே தூங்கினார். வட்டம் நிரம்ப இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி என்று இருக்கும்போது அம்புக்குறி வந்து அவரைப் பிடரியில் பிடித்துத் தூக்கியது. பக்கத்து நாட்டைப் பிடிக்க ராஜாவுக்கு ஒரு பொய்ப் பட்டயம் வேண்டுமாம், எழுதுவதற்குக் கையெழுத்து நன்றாயிருக்கும் ஒரு குரு தேவையாம். “மன்னிச்சுக்கங்கம்மா,” என்று காற்றில் போய்க்கொண்டே சொன்னார். வட்டம் காலியானது. பட்டயத்தை எழுதிவிட்டுத் திரும்பி வந்து முதலிலிருந்து நிற்க ஆரம்பித்தார். மறுபடி தூக்கினார்கள். இந்த முறை ராஜாவின் நாயைக் காணோம், தேடப் போக வேண்டும்.

அவரைத் தூக்கிக்கொண்டே இருந்ததால் பிழைநெறி முற்றியது. முற்றினால் அதற்கு ஒரு தலைவர் தேவை. இதுவும் விளையாட்டின் விதி. தலைவர் தானாக எழுந்து வருவார் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். மாவட்டத்தில் இருக்கும் ஜனங்களில் ஒருவர் மேல் பகடை விழும். விழுந்தவருக்கு முகம் கிடைக்கும்.

முகம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் ஜனங்களுக்கு முகம் கிடையாது. கண், மூக்கு, வாய் எல்லாம் உண்டு. ஆனால் மேலே இருப்பவரின் திரையில் சட்டம் போட்ட படமாகத் தெரிகிறவர்களுக்கு மட்டுமே முகம் உண்டென்று பேச்சு. படம் இல்லாதவரை யாராலும் சிறையில் போட முடியாது, எரிக்க முடியாது, ராஜாவாக்கவும் முடியாது. ஏழைகளுக்கு அந்த நாட்டில் இருந்த ஒரே பாதுகாப்பு யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான்.

பகடை மெழுகுவத்திக்காரரின் மனைவி மேல் விழுந்தது. அவள் அச்சிலிருந்து வத்திகளைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு சட்டம் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் அவளுடைய குணங்கள் எழுதப்பட்டன: வெறி, பேச்சாற்றல், கன்னத்தில் தழும்பு.

“தழும்பா?” என்று கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். உண்மையிலேயே இருந்தது. “எனக்கு ஏதுங்க இது? நான் எங்க போய் அடிபட்டேன்?”

“பேச்சாற்றல் சரியாத்தான் போட்டிருக்கான்,” என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. அவருக்கும் அதற்குமேல் வேடிக்கை பேசத் தெம்பில்லை.

தலைவர் வந்துவிட்டால் கூட்டமும் வர வேண்டுமே. கொல்லைத் தெருவில் ஆட்கள் முளைத்தார்கள். எல்லார் கையிலும் கவைக்கம்பு, எல்லாருக்கும் ஒரே தாடி. அவள் கொல்லைக் கதவைத் திறந்து அவர்களைப் பார்த்தாள்.

“யாருப்பா நீங்கல்லாம்?”

“உங்க படை,” என்றான் முன்னால் நின்றவன்.

“எனக்கு எதுக்குப் படை? போங்க, அவங்கவங்க வீட்டுக்குப் போய்ப் பொழப்பைப் பாருங்க.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எங்களுக்கு வீடு இல்லீங்க,” என்றான் அவன். “இப்பதான் வந்தோம்.”

“அம்மா அப்பா?”

“இல்லீங்க.”

அவள் கொப்பரையை இறக்கிவைத்துவிட்டு அவர்களுக்கு உலை வைத்தாள். பாதிப் பேர் சாப்பிட்டார்கள். மீதிப் பேர் வரிசையில் இருக்கும்போதே கிளம்பும் நேரமாகிவிட்டது. அவர்கள் எல்லாரும் ஒரே காலை எடுத்துவைத்து, யாரும் சொல்லாமலே, கிழக்கு மாவட்டக் கோட்டையைப் பார்த்து நடந்தார்கள். அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினாள். “நான் போகச் சொல்லலையே, நில்லுங்க, நில்லுங்கப்பா.” கோட்டை அடிவாரத்தில் எல்லாரும் செத்தார்கள். மேலே இருப்பவரின் திரையில் அது ஒரு சின்ன எண்ணாக வந்து மறைந்தது. அழ ஆள் இல்லாத சாவு என்பதால் அவளே உட்கார்ந்து அழுதாள்.

பீடத்தின் வீரர்கள் அவளைப் பிடிக்க வந்தார்கள். ஆனால் மேற்கு மாவட்டத்துப் பிரபு பச்சைக்கு மாறியிருந்ததால் அங்கே நுழைய அவர்களுக்கு அதிகாரமில்லை. ஆகவே கடையில் நின்று நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பின்னறையை விட்டு வராமல் இருந்தாள். சாப்பாட்டுத் தட்டை நிலைப்படி மேல் வைத்து அவர் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வீரர்கள் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எத்தனை நாள் இப்படி? மெழுகுவத்திக்காரர் பிழைநெறி அலுவலகத்துக்குப் போனார். நீள வராந்தா, அதன் கடைசியில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நீல அங்கியில் விசாரணை அலுவலர். பின்சுவரில் நாட்டின் படம் தொங்கியது. நீலமும் பச்சையும் ஏறக்குறையச் சமமாக இருந்ததை அவர் கவனித்தார்.

“உங்க மனைவியா? சுலபம்,” என்றார் அலுவலர். “கொளுத்தின வத்தியைக் கையில பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வந்து, ‘என் சுய விருப்பத்தில் மாறுகிறேன்’னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. விட்டுடுவோம்.”

“ஐயா, அவ எதையும் நம்பலீங்க. அந்த அறையில நின்னா, அவ்வளவுதான்.”

“அதைத்தான் நம்பிக்கைன்னு சொல்றோம்.”

“எது உண்மைன்னு எப்படி முடிவு பண்றீங்க?”

அலுவலர் நாற்காலியைத் திருப்பிச் சுவர்ப் படத்தைக் காட்டினார். தெளிவாகப் பேசக்கூடியவர். “எந்த நிறத்துக்கு மாவட்டம் அதிகமோ அது நேர்நெறி. எதுக்குக் குறைச்சலோ அது பிழைநெறி. உண்மைங்கறது ரொம்ப ஆழமான விஷயம், அதனால எண்ணிப் பார்த்துடறோம்.”

“நாளைக்குப் பச்சை அதிகமாயிட்டா?”

“ஆகாது.”

“ஆயிட்டா?”

“ஆயிட்டா, நாங்க எப்பவும் பச்சையாத்தான் இருந்திருப்போம்,” என்றார் அலுவலர், கொஞ்சமும் வெட்கப்படாமல். “பீடம் ஒருநாளும் தப்புப் பக்கம் நின்னதில்லை. அதுக்குத்தானே நாங்க சம்பளம் வாங்கறோம்.”

மெழுகுவத்திக்காரர் வீட்டுக்கு வந்து நிலைப்படியருகே உட்கார்ந்தார்.

“ஒரு வார்த்தைதான்,” என்றார். “சொல்லிட்டு வந்துடு.”

“ஒண்ணையும் நம்பாதவ எதை விட்டுட்டு எதுக்கு மாறறது?” என்றாள் அவள். “வத்தி கொளுத்தாம அந்த அறையில நின்னதுக்கு ஒரு பேரு வெச்சாங்க. இப்ப அதை நான் திருத்திக்கணுமாம்.”

“எனக்காகச் சொல்லு.”

அவள் வெகுநேரம் நூலைச் சிக்கெடுத்தாள். பிறகு, “எனக்கு முகம் இருக்கற வரைக்கும் அந்தப் பசங்க மறுபடி வருவாங்களா?” என்று கேட்டாள்.

“வருவாங்கன்னுதான் சொல்றாங்க. நீ பச்சையா இருக்கற வரைக்கும்.”

“அப்போ சரி,” என்று எழுந்தாள். “வயித்துக்குக்கூட முழுசாப் போடாம அனுப்பினேன். இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால ஆகாது.”

அவர்தான் வத்தியைக் கொளுத்தி அவள் கையில் கொடுத்தார். தன் அச்சில் வார்த்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்த வத்தி அது. அவள் நிலைப்படியைத் தாண்டினாள். “என் சுய விருப்பத்தில் மாறுகிறேன்,” என்றாள். நீலமானாள். இரண்டு பேரும் ஒரே நிறத்தில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் எத்தனையோ நாள் கழித்து நன்றாக மூச்சு விட்டார்.

அவர் விட்ட மூச்சு முடிவதற்குள், வடக்கே எங்கேயோ ஒரு பிரபு, ராஜாவின் காணாமல்போன நாயைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு ராஜாவோடு சண்டை போட்டுப் பச்சைக்கு மாறினார். பச்சை ஒரு மாவட்டத்தால் முந்தியது. வானத்தில் பெரிய சன்னல் ஒன்று திறந்தது. இனிமேல் பச்சையே நேர்நெறி, நீலம் பிழைநெறி என்று அதில் எழுதியிருந்தது. மேலே இருப்பவர் ‘சரி’ என்பதை அழுத்தினார். ராஜா பச்சையானார், பீடம் பச்சையானது, கடையில் நின்ற வீரர்களின் அங்கியும் பச்சையானது. அவர்கள் அவள் கையிலிருந்த வத்தியைப் பார்த்தார்கள். அது எரிந்துகொண்டிருந்தது. அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பெரியவர் மாடத்தில் நின்று பேசினார். “பீடம் எந்தக் காலத்திலும் மெழுகுவத்தியைக் கொளுத்தியதில்லை. கொளுத்தியதாக உங்களுக்கு ஞாபகம் இருந்தால் அது ஞாபகமல்ல, பாவம். போன வாரம் என் கையில் எரிந்ததைப் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அது உங்கள் கண்ணில் இருந்த தீ. அதை நான் மன்னிக்கிறேன்.”

மெழுகுவத்திக்காரர் அலுவலகத்துக்கு ஓடினார். அதே வராந்தா, அதே மேஜை, அதே அலுவலர். அங்கி மட்டும் பச்சை, மடிப்புக் கலையாத புதுசு.

“ஐயா, நீங்க சொன்னதைத்தானே அவ செஞ்சா.”

“நான் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. நான் பிறந்ததுலேருந்து பச்சை.”

“அவளைத் திரும்பப் பின்னறைக்குள்ள விட்டுடுங்க. மறுபடி பச்சையாயிடுவா. நான்கூட அப்படித்தானே ஆகறேன்.”

“உங்களுக்கு முகம் இல்லை, அதனால மண்ணோட நிறம் உங்க நிறம். முகம் இருக்கறவங்களுக்கு மதம் மண்ணுல இல்லை, உடம்புல ஒட்டிக்கும்.”

“அப்போ இன்னொரு தடவை மாறறேன்னு சொல்லச் சொல்றேன்.”

“ஒருத்தருக்கு ஒரு தடவைதான்,” என்றார் அலுவலர், கனிவாகவே. “அந்தப் பொத்தான் இப்ப மங்கிப்போச்சு, அழுத்தினா இறங்காது. முதல்ல பகடை அவங்களைப் பிழைநெறி ஆக்குச்சு, அதை மன்னிக்கலாம். இது அப்படி இல்லையே. சுய விருப்பத்துலன்னு அவங்க வாயாலேயே சொல்லியிருக்காங்க.”

“நீங்கதானே அந்த வார்த்தையைக் கொடுத்தீங்க.”

அலுவலர் அங்கியின் மடிப்பை நீவிவிட்டார்.

“சரி, என்னையும் சேர்த்துப் போடுங்க. நான்தான் கூப்பிட்டேன். வத்தியைக் கொளுத்திக் கொடுத்ததும் நான்தான்.”

“உங்களை எப்படிங்க போடறது? நீங்க யாருக்கும் தெரியலையே,” என்றார் அலுவலர். அவருக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது.

அவளை எரிப்பது என்று முடிவானது. அதில் ஒரு சிக்கல் வந்தது. எரிக்க வேண்டுமானால் தீ மூட்ட வேண்டும். கொளுத்துவதோ இப்போது மகாபாவம். பீடத்தின் பண்டிதர்கள் சபை கூட்டினார்கள். கைகளை உரசிச் சூடேற்றலாமா என்றார் ஒருவர். வெயிலில் நிற்கவைத்து முதிர்ந்த வயதுவரை காத்திருக்கலாம் என்றார் இன்னொருவர், அவரை இளகிய மனசுக்காரர் என்று உட்காரவைத்தார்கள். கடைசியில் பெரியவர் தீர்ப்புச் சொன்னார். “கொளுத்துவது பாவம். ஆகவே அதைப் பாவி ஒருவன் செய்ய வேண்டும். நம் கை சுத்தமாக இருக்கும், வேலையும் நடக்கும். பீடத்தின் வரலாறே இதுதான்.” பண்டிதர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

பாவி கிழக்கு மாவட்டத்தில் இருக்க வேண்டும், அது இன்னும் நீலம். தீப்பிடிக்கும் பொருளோடு பழக்கம் வேண்டும். அலுவலருக்கு உடனே ஆள் ஞாபகம் வந்தது. அவர் எழுதிப்போட, வானத்தில் சன்னல் திறந்து, மெழுகுவத்திக்காரரைச் சுற்றிச் சட்டம் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் குணங்கள்: பொறுமை, கோழை. அவருக்கு இல்லாத மீசை ஒன்றும் வைத்திருந்தார்கள்.

“முகம் கேட்டீங்களே, வாங்கிக் கொடுத்துட்டேன்,” என்றார் அலுவலர்.

சதுக்கத்தில் விறகு அடுக்கியிருந்தது. அவள் அதன் மேல் நின்றாள். சுற்றிலும் ஜனங்கள் கொளுத்தாத வத்தியோடு நின்றார்கள், எல்லாம் அவர் கடையில் வாங்கியது. அவர் கையில் ஒரு பந்தத்தையும் நெருப்புச் சட்டியையும் கொடுத்தார்கள். அவள் அவரை, அந்த மீசையை, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கொப்பரையை இறக்கி வெச்சீங்களா?” என்று கேட்டாள்.

“இறக்கிட்டேன்,” என்றார் அவர். இறக்கவில்லை.

“அடிப்பிடிச்சா விடாது, அதான் கேட்டேன்.”

வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாத மனுஷர் பந்தத்தைக் கீழே போட்டார். “கொளுத்த மாட்டேன்,” என்றார். “என்ன வேணா பண்ணிக்கங்க. இந்தக் கையால கொளுத்த மாட்டேன்.”

பிறகு எக்காளம் ஊதினார்கள். பெரியவர் எழுந்து நின்றே விட்டார். கொளுத்த மாட்டேன் என்று, உயிருக்குத் துணிந்து, சபை நடுவே சொன்ன முதல் மனிதர் இவர்தான் என்றார். இதைவிட நேர்நெறி வேறு உண்டா? மெழுகுவத்திக்காரரின் சட்டத்தில் கோழை அழிந்தது. அந்த இடத்தில் புனிதர் என்று வந்தது. அவர் பச்சையானார். பீடத்தின் மதிப்பு கிடுகிடுவென்று ஏறியது.

“அப்போ அவளை விட்டுடுவீங்களா?” என்று அவர் அலுவலரின் அங்கியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அவங்களை எப்படி விடறது? அவங்க கொளுத்தினவங்களாச்சே.”

“தீ மூட்டத்தான் ஆள் இல்லையே.”

“தீ எதுக்கு?” என்றார் அலுவலர். “அது சபைங்க, எதையாவது பேசணும்னு பேசினாங்க.”

அம்புக்குறி வந்தது. அவள் படத்தின் மேல் ஒரு தடவை நின்று அழுத்தியது. படம் சாம்பல் நிறமானது. புகையில்லை, சூடில்லை, சத்தமில்லை. விறகு அடுக்கியது அடுக்கியபடி இருந்தது, அதன் மேல் யாரும் இல்லை. மேலே இருப்பவர் என்ன அழுத்தினோம் என்று படிக்கக்கூட இல்லை. ஜனங்கள் வத்திகளைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு கலைந்தார்கள்.

மெழுகுவத்திக்காரரின் கடையைப் புனிதத் தலமாக அறிவித்தார்கள். ஊர் ஊராக வந்து அவர் கையால் கொளுத்தாத வத்தி வாங்கிப்போனார்கள். அவர் காலைத் தொட்டார்கள். அவர் வத்தியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தான் போய் அவளைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவள் இன்றைக்கும் பின்னறையில், நாடே போற்றும் பச்சை நிறத்தில் நின்று மெழுகு கிளறிக்கொண்டிருப்பாள் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். அது பொறுக்க முடியாத நினைப்பு. அவருக்குப் போட்டிருந்த பொறுமை என்ற குணம் அதற்கு ஒன்றும் உதவவில்லை.

ஒரு சாயங்காலம் கூட்டம் போன பிறகு பின்னறைக்குள் போனார். கொப்பரை அடிப்பிடித்துக் கறுத்துக் கிடந்தது. நிலைப்படியருகே அவள் பாதி சிக்கெடுத்து விட்டுப்போன நூல் உருண்டை. அதைக் கையில் எடுத்தார், இருட்டில் முனை தெரியவில்லை. நிலைப்படி மினுக்கட்டும் என்று காத்துப் பார்த்தார். மினுக்கவில்லை. ஒரு வத்தியை எடுத்தார், கொளுத்தினார், பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் விட்ட இடத்திலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தார்.

மேலே சன்னல் திறந்தது. மேற்கு மாவட்டத்தில் புதிய பிழைநெறி ஒன்று தோன்றியிருப்பதாக எழுதியிருந்தது. மேலே இருப்பவர் அலுத்துக்கொண்டார். பீடத்தின் மதிப்பு நன்றாகத்தானே இருக்கிறது, பகடைகூட உருளவில்லையே, இது எங்கேயிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. வழக்கம்போல ஒருவரைத் தூக்கி அனுப்பினார்.

நிற்பவர் வந்தார். இப்போது பச்சை அங்கி, தலைக்கு மேல் வட்டம் காலியாக இருந்தது. எரியும் வத்தியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், புனிதரைப் பார்த்தார். எதையும் சொல்வது அவர் வேலை அல்ல. பழக்கதோஷத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கப் பார்த்தார்.

மெழுகுவத்திக்காரர் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அங்க வேணாம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றார். “அது அவ நிக்கற இடம்.”